கீழே வைத்த கோப்பை

முஹைரா ஒன்றும் பெரிய ஊர் அல்ல. கடலோரமாக ஒரு கோட்டை. கோட்டையில் இரண்டு பீரங்கி, அதில் ஒன்று வெடிக்கும். பின்னால் பேரீச்சந்தோப்பு, அதற்கும் பின்னால் மணல். அந்த மணலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரர் கல்லை எடுத்து நக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் போனது ஊரின் நிம்மதி.

ஊரை ஆண்டவர் ஷேக் ஹுமைத். ஐம்பது வயது. நல்லவர் என்று பெயர் எடுத்தவர். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்ற பெயர் அதைவிடப் பெரியது. முத்துக் குளிப்பு படுத்துவிட்ட காலம் அது. ஜப்பான்காரர்கள் சிப்பியை வளர்த்தே முத்து எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு முஹைராவின் படகுகள் கரையில் காய்ந்து கிடந்தன. பேரீச்சம்பழமும் கருவாடும் தின்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருப்பதில் ஒரு பங்கு ஷேக்குக்கும் வந்தது. அவரும் அதையே தின்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பிரிட்டிஷ் ஏஜெண்ட் கோட்டைக்கு வந்தார். இது ஐந்தாவது தடவை. முன்பு நான்கு தடவையும் காபி குடித்தார், எண்ணெய்ப் பேச்சை எடுத்தார். ஷேக் மழையைப் பற்றிப் பேசினார். ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். இந்தத் தடவை அவரைக் கொண்டுவந்த போர்க்கப்பல் திரும்பிப் போகவில்லை. கோட்டைக்கு நேரே நங்கூரம் போட்டு நின்றது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி காபிக் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தால், அவனுக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். "குடியுங்கள், கேட்டது உங்களுக்கு" என்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். அவன் சொல்லி, இவன் குடித்த பிறகுதான் என்ன வேண்டும் என்பதே வெளியே வரும். சொன்னதை மாற்றினால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் வாய் நனைக்க மாட்டார்கள். அதைவிடக் கேவலம் அங்கே வேறு இல்லை.

ஏஜெண்ட் பதினோரு வருஷமாக வளைகுடாவில் இருப்பவர். கோப்பையை வாங்கினார். ஷேக்கின் முகத்தைப் பார்த்தபடியே அதை விரிப்பின் மேல் வைத்தார்.

சபையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

"குடியுங்கள், கேட்டது உங்களுக்கு" என்றார் ஷேக்.

ஏஜெண்ட் குடித்தார். நன்றி சொன்னார். தோல்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார்.

எழுபத்தைந்து வருஷம். மண்ணுக்கு அடியில் உள்ளதெல்லாம் கம்பெனிக்கு. மண்ணுக்கு மேலே கம்பெனி எந்த இடத்தைக் கை காட்டுகிறதோ அந்த இடமும் அதற்கே, கிணறுகள் உட்பட. வியாழக்கிழமை கையெழுத்து.

அவர் போன பிறகு சபை மெல்லக் கலைந்தது. ஒருவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. பகீத் என்று பெயர். உள்ளே மணலில் இருக்கும் ஷுவைபா கிணறுகளைச் சுற்றி ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் கூட்டத்துக்குத் தலைவன். முந்நூறு கூடாரம். கல்லை நக்கிய வெள்ளைக்காரர் நின்றது அவனுடைய கிணற்றடியில்தான். கம்பெனி அங்கே இயந்திரம் வைத்தால் ஆடுகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சாது என்பது அவனுக்குத் தெரியும்.

"ஷேக், என் ஜனங்களிடம் நான் என்ன சொல்ல?" என்று கேட்டான். "இது நீங்கள் கொடுத்த வாக்கு என்றால் வருகிறவர்கள் எங்களுக்கும் விருந்தாளிகள். கிணற்றை விட்டுக்கொடுத்து, சுற்றிக் காவலும் நிற்போம். ஒருத்தனும் முணுமுணுக்க மாட்டான். வேறு ஏதாவது என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தெற்கே போய்விடுவோம். இந்த வாரம் கிளம்பினால் வழியில் தண்ணீர் இருக்கும். வெயில் பிடித்துவிட்டால் இருக்காது."

"சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்கிறேன்" என்றார் ஷேக்.

பகீத் ஒட்டகத்தின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். மத்தியானம் சாய்ந்த பிறகு ஷேக் பின்வாசல் வழியாகத் தோப்புக்கு நடந்தார்.

தோப்பின் கோடியில் ஓர் ஓலைக் குடிசை. அதில் இருந்தவர் உஸ்தாத் ஃபைரூஸ். ஷேக்கின் வயதுதான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் அடிமைப் பிள்ளையாக வந்தவர். சின்ன ஹுமைத் பாடம் படிக்க, பின்னால் நின்று விசிறுவது அவர் வேலை. ஹுமைத்துக்குத் தூக்கம் வந்தது. விசிறியவருக்குப் பாடம் வந்தது. இப்படி நாலு வருஷம் போனதும் ஷேக்கின் தகப்பனார் விஷயத்தைப் புரிந்துகொண்டு அவரை விடுதலை செய்து, விசிறியை வேறு ஆளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஹுமைத் கேட்கவேண்டியதையெல்லாம் ஃபைரூஸிடம்தான் கேட்டார்; ஆசான் என்ற பொருளில் உஸ்தாத் என்றே அழைத்தார். நாலு பேர் முன்னால் உஸ்தாத் அவரை "ஷேக்" என்பார். குடிசைக்குள் வந்துவிட்டால் வெறும் ஹுமைத்.

"உஸ்தாத், ஒரு கேள்வி."

"கேள்."

"வாக்கு பெரிதா, மண் பெரிதா?"

உஸ்தாத் ஈச்ச ஓலையில் தட்டி முடைந்துகொண்டிருந்தார். அதைத் தள்ளி வைத்தார்.

"காபி போடு" என்றார்.

ஷேக் அடுப்பு மூட்டினார். அந்தத் தோப்பு முழுவதும் அவருடையது. அங்கே எந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தாலும் அவர்தான் வீட்டுக்காரர், ஊற்றிக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். காபி கொதிக்கும் வரையில் காலையில் நடந்ததைச் சொன்னார். கோப்பையைச் சொன்னார், காகிதத்தைச் சொன்னார், வெளியே பகீத் காத்திருப்பதையும் சொன்னார்.

காபி தயாரானது. ஷேக் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

உஸ்தாத் வாங்கினார். குடிக்காமல் பாயின் மேல் வைத்தார்.

"என் கையில் இருப்பதானால் கேட்டது உங்களுக்கு, குடியுங்கள்" என்றார் ஷேக்.

உஸ்தாத் எடுத்துக் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன வேண்டும், உஸ்தாத்?"

"ஒன்றும் வேண்டாம். முன்னால் ஒரு வார்த்தை போட்டாயே, அது என்ன?"

ஷேக்கின் கை காபிக் கெண்டியின் மேலேயே நின்றது.

"என் கையில் இருப்பதானால்."

"யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"அப்பா. எனக்கு ஐந்து வயது இருக்கும். கோப்பையைப் பிடிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்."

"எதற்கு?"

"விருந்தாளி எதை வேண்டுமானாலும் கேட்டுவிடுவான். அடுத்தவன் ஒட்டகத்தைக் கேட்பான், அடுத்தவன் கிணற்றைக் கேட்பான். நம்முடையது இல்லாததை நாம் கொடுக்கக் கூடாது. அதற்காக."

"காலையில் ஏஜெண்டிடம் அதைச் சொன்னாயா?"

"இல்லை."

"மறந்துவிட்டாயா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஷேக் வாயெடுத்தார். மத்தியானம் முழுக்கத் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நாக்கு புரளவில்லை.

"நாற்பத்தைந்து வருஷம் மறக்காதது" என்றார் உஸ்தாத். "இப்போது என்னிடமும் மறக்கவில்லை."

ஷேக் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஹுமைத்?"

"ஏஜெண்ட் காகிதத்தை எடுத்திருப்பார். ஷுவைபா கிணறு என் கையில் இல்லை, அது பகீத் கூட்டத்துடையது என்று நான் சொல்ல வேண்டி வந்திருக்கும். அத்தனை பேர் முன்னால்."

"அப்புறம்?"

"என் தாத்தா ஒரு தடவை இந்த வெள்ளைக்காரர்களிடம் முடியாது என்று சொன்னவர். எண்பது படகை எரித்தார்கள். கரி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார், இவர்களைக் கேட்காமல் வேறு யாருக்கும் ஒரு பிடி மண்ணும் கொடுப்பதில்லை என்று. போன வருஷம் வேறொரு தேசத்துக் கம்பெனி இரண்டு மடங்கு பணம் தருகிறேன் என்று ஆள் அனுப்பியது. கிணறுகளைத் தொடமாட்டோம் என்றும் எழுதித் தருகிறேன் என்றது. தாத்தாவின் கையெழுத்தைக் காட்டி அவனை ஏஜெண்ட் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்."

"இப்போது முடியாது என்றால்?"

"என் தம்பி மகன் மதர் இரண்டு மாதமாக ஏஜெண்ட் வீட்டில் விருந்து சாப்பிடுகிறான். வெள்ளிக்கிழமை அவன் ஷேக் ஆகிவிடுவான். இதே காகிதத்தில் இதே இடத்தில் கையெழுத்துப் போடுவான்."

"அப்படியானால் எப்படியும் கையெழுத்து விழும்."

"விழும்."

உஸ்தாத் அடுப்பில் கங்கை உள்ளே தள்ளினார்.

"கோப்பை விரிப்பில் இறங்கியபோது உனக்கு எப்படி இருந்தது?"

ஷேக் தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"நிம்மதியாக இருந்தது" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அழுதார். உஸ்தாத் பார்க்காத மாதிரி தட்டியை எடுத்து இரண்டு ஓலை முடைந்தார்.

"நாலு தடவை மழையைப் பற்றிப் பேசித் தப்பித்தேன், உஸ்தாத். கப்பல் நின்றதைப் பார்த்ததும் இனிமேல் பேச்சு கிடையாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஆள் கோப்பையைக் கீழே வைத்தானே, எனக்கு வழி காட்டின மாதிரி இருந்தது. பயந்து கொடுத்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்குக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்தான் என்பார்கள்."

"ஏஜெண்டுக்கும் அது தெரிந்திருக்கும்."

"தெரிந்துதான் வைத்தான்."

தோப்புக்கு அப்பால் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ஷேக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவருக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது.

"சரி, பயந்தேன். உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஊருக்கும் அதைச் சொல்ல வேண்டுமா? பயந்து போட்டாலும் வாக்குக்காகப் போட்டாலும் கையெழுத்து ஒன்றுதான். கிணறு போவதும் போவதுதான். மிச்சம் இருப்பது என் பெயர் ஒன்று. பகீத் போய் அவன் ஜனங்களிடம், நம் ஷேக் வாக்குத் தவறாதவர் என்று சொல்லட்டுமே. அவர்களுக்கும் அது கௌரவம்தானே? அதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

உஸ்தாத் ஓலையைக் கீழே போட்டார்.

"என்னை விற்ற கதையை உனக்குச் சொன்னதில்லை."

"நான் கேட்டதில்லை."

"எங்கள் ஊரிலும் ஒரு தலைவர் இருந்தார். நல்ல மனிதர். கப்பல்காரர்கள் துப்பாக்கியோடு வந்து அவர் வாசலில் உட்கார்ந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். அவரிடம் இருந்தது பத்து ஈட்டி. கொடுக்காமல் அவரால் தப்பித்திருக்க முடியாது. அதற்காக நான் அவரைக் குறை சொன்னதே இல்லை."

"அப்புறம்?"

"ஊரைக் கூட்டினார். வந்த விருந்தாளிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், என் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்றார். பிள்ளைகளை ஒப்படைக்க மறுநாள் காலை வரைக்கும் தவணை இருந்தது. ஊருக்குப் பின்னால் காடு. கப்பல்காரனுக்கு அந்தக் காட்டில் ஒரு வழியும் தெரியாது."

கோட்டைப் பக்கம் பகீத்தின் ஒட்டகம் உறுமியது. ஷேக் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பயமாயிருக்கிறது, உங்களை என்னால் காப்பாற்ற முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஹுமைத். சொல்லியிருந்தால் என் அம்மா அன்றைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்."

"ஓடவில்லையா?"

"தலைவர் வாக்கு என்றாரே" என்றார் உஸ்தாத். "விடிந்ததும் என்னைக் குளிப்பாட்டி, புதுத்துணி கட்டி, அவளே கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்."