பட்டி எழுதிய பரீட்சை

கட்டடச் சாமான் விற்கிற ஒரு கடையின் பின்பக்கம் ஒரு கிடங்கு இருந்தது. அந்தக் காலத்தில் சாமான்கள் தாங்களே வேலைக்குப் போய் வரும். சுத்தியல் உடைக்கப் போகும், சிமெண்ட் பூசப் போகும், பெயிண்ட் நிறம் அடிக்கப் போகும். வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது பட்டியைத்தான். சுவரில் கீறல், பள்ளம், விரிசல் எது இருந்தாலும் அந்த வெள்ளை மாவு தண்ணீரில் குழைந்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், சுவர் வழவழவென்று ஆகிவிடும். "பட்டி பார்த்தாச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டி எதைப் பார்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில், புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு வீட்டின் சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது. கீழே நின்ற ஸ்கூட்டர் நசுங்கியது. பக்கத்தில் ஆள் இல்லாதது நல்ல காலம். அதிலிருந்த விரிசலை எந்தப் பட்டி மூடியது, எந்தப் பெயிண்ட் மேலே மறைத்தது என்று தெரியவில்லை. ஊர் கூடிப் பேசியது. இனிமேல் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமே வீட்டைத் தொடலாம் என்று முடிவானது. பரீட்சை நடத்தும் பொறுப்பைத் தூக்குக்குண்டிடம் கொடுத்தார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் அந்த இரும்புக் குண்டு யாருக்காகவும் சாயாது என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த மழைக்கு முன்பு பரீட்சை. கிடங்கில் இருந்த ஒரு பட்டி மூட்டைக்குப் பயம் வந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் மூட்டையை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரிக்காத மூட்டையில் மழை ஈரம் ஏறினால் பட்டி கல்லாகிவிடும். கல்லான பட்டியைக் குப்பையில்தான் போடுவார்கள்.

பட்டியும் பெயிண்டும் சேர்ந்து படித்தன. பெயிண்டுக்கு நல்ல ஞாபகசக்தி. எந்தச் சுவருக்கு எத்தனை கோட்டிங், ஒன்று காய எவ்வளவு நேரம் என்று கடகடவென்று ஒப்பித்தது. பட்டி விரிசல்கள் பற்றிய பாடத்திலேயே சிக்கிக்கொண்டது. எந்த வகை விரிசலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று காலையில் உருப்போடும், மத்தியானம் மாற்றிச் சொல்லும்.

"அக்கா, நான் மூடாத விரிசலே இல்லை. ஆனா ஒண்ணைப் பத்தியும் எனக்குத் தெரியலையே" என்றது பட்டி.

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எழுதியிருக்கிறதை அப்படியே எழுதிட்டு வா" என்றது பெயிண்ட்.

பட்டிக்கு மனம் கேட்கவில்லை. கடைக்கு எதிரே ஒரு பழைய கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதன் சுவரெல்லாம் விரிசல். பட்டி அங்கே போனது. வாசல் சுவரில் தலைமுடி போல ஓடிய விரிசல் முன்பு நின்று, "நீ எப்படி வந்தே?" என்று கேட்டது.

விரிசல் சிரித்தது. "நான் சும்மா. பூச்சு காயறப்போ சுருங்கினதுல வந்தேன். தாராளமா மூடிக்கோ."

ஜன்னல் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கிய விரிசலிடம் கேட்டது. "அஸ்திவாரம் இந்தப் பக்கம் இறங்குது. ஒவ்வொரு மழைக்கும் நான் கொஞ்சம் அகலமாவேன். தரையைக் கவனிக்கச் சொல்லு" என்றது அது.

குளியலறைப் பக்கம் இருந்த விரிசல் ஈரம் ஊறி, ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பட்டியைப் பார்த்ததும் அதன் முகம் சுருங்கியது.

"மறுபடியும் வந்துட்டியா? எனக்குப் பின்னாடி குழாய் ஒழுகுது. அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். திறந்தப்பெல்லாம் உங்க ஆளுங்க வந்து மூடிட்டுப் போயிட்டாங்க."

"சரி பண்றதா நினைச்சோம்" என்றது பட்டி.

"உனக்குச் சத்தம் நின்னு போச்சு. எனக்கு வலி நிக்கலையே."

பட்டி அங்கேயே உட்கார்ந்து அது சொன்னது முழுவதையும் கேட்டது. மறுநாளும் போனது. போகப் போகப் பரீட்சைப் பயம் குறைந்து, போவதே பிடித்துப்போனது. உருப்போட்டபோது குழம்பிய பாடம், ஒவ்வொரு விரிசலின் முகத்தோடு சேர்ந்து மனதில் தங்கியது.

பரீட்சை நாளில், எழுத்துத் தேர்வு முடிந்ததும் எல்லோரையும் ஒரு காலி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஒரு சுவர். உச்சி வேளைக்குள் வேலையை முடிக்க வேண்டும். பட்டிக்குக் கிடைத்த சுவரில், உத்தரத்துக்குக் கீழே மெல்லிய ஒரே ஒரு விரிசல். பார்க்கச் சாதுவாக இருந்தது.

"நீ எப்படி வந்தே?" என்று பட்டி கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. அதற்கும் இல்லை.

அடுத்த அறையில் பெயிண்ட் பாதிச் சுவரை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தது. "இன்னும் ஆரம்பிக்கலையா? ஒரு இழுப்புக்கு இவ்வளவு யோசனையா?"

பட்டி பூசும் தகட்டைக் கையில் எடுத்தது. ஒரு நொடி வேலைதான். மூடிவிட்டால் லைசென்ஸ் கையில். ஆனாலும் அது தகட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவசரமில்லை. உனக்குச் சொல்லத் தோணினா சொல்லு" என்றது.

வெயில் ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்தது. வெகுநேரம் கழித்து விரிசல் மெதுவாகப் பேசியது. "யாரும் காத்திருக்க மாட்டாங்கன்னு நான் பேசறதையே விட்டுட்டேன். உத்தரத்துக்குள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது. என்னை மூடினா வீடு அழகா இருக்கும். கொஞ்ச நாள்ல உத்தரம் கீழே வரும்."

தூக்குக்குண்டு வந்தபோது பட்டியின் சுவர் முன்பு இருந்தபடியே இருந்தது.

"வேலை எங்கே?"

"இது இப்போதைக்கு என் வேலை இல்லைங்க ஐயா. உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கு. அதைச் சரி பண்ணின பிறகுதான் நான் வரணும்."

தூக்குக்குண்டு சுத்தியலை அழைத்தது. சுத்தியல் லேசாகத் தட்டியதும் பூச்சு பொத்தென்று உதிர்ந்து, செம்மண் நிறத்தில் கம்பி தெரிந்தது. தூக்குக்குண்டு கம்பியின் அருகே இறங்கிப் பார்த்தது.

"உனக்கு லைசென்ஸ் உண்டு" என்றது.

பெயிண்ட் அடித்த சுவர் சாயங்காலத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அடியில் ஓதம் இருந்திருக்கிறது. பெயிண்டை மறுபரீட்சைக்கு வரச் சொன்னார்கள். அது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, "வாக்கா, நாளைக்கு மண்டபத்துக்குப் போவோம். அங்கே விரிசலுங்க நல்லாப் பேசும்" என்றது பட்டி.

லைசென்ஸ் வாங்கிய பிறகு பட்டியை முதலில் வேலைக்கு அழைத்தவள் அம்சவேணி என்ற வீட்டுக்காரி. மகள் நிரஞ்சனாவுக்கு அந்த வாரம் நிச்சயதார்த்தம். கூடத்துச் சுவரில் ஒரு விரிசல்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உட்காரும்போது இதுதான் கண்ணுல படும். சீக்கிரம் மூடிடுப்பா" என்றாள்.

உள்ளறையிலிருந்து நிரஞ்சனா வந்தாள். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எல்லாம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

நிரஞ்சனா உள்ளே திரும்பிப் போனாள்.

பட்டி விரிசலின் முன்னால் உட்கார்ந்தது. தகட்டை எடுக்கவில்லை.

"என்ன, பார்த்துக்கிட்டே இருக்கே?" என்றாள் அம்சவேணி.

"மூடறதுக்கு முன்னாடி என்ன சொல்ல வருதுன்னு கேட்டுடணும்மா. கேட்காம மூடினா அழகா இருக்கும். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்."

கேட்டுப் பார்த்ததில், அந்த விரிசலில் ஒன்றுமில்லை. பூச்சு காய்ந்தபோது வந்ததுதான். பட்டி நிம்மதியாகத் தண்ணீரில் குழைந்து, தகட்டை எடுத்து, ஆசை தீர ஓர் இழுப்பு இழுத்தது. சுவர் பளபளத்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கத் திரும்பியபோது கூடத்தில் அம்சவேணி இல்லை.

உள்ளறையில், மகளின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ சொல்ல வந்தியேம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லு, நான் எங்கேயும் போகலை."