அகப்பையும் அலகும்

குன்றின்மேல் குடிகொண்ட குமரன் சந்நிதியில், பங்குனி உத்திரத்தன்று நடந்த அநீதி இது. கேட்டு, நெஞ்சறியத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அன்னதானக் கூடத்தில் அடியார்க்குச் சோறிடுவதையே தவமாகக் கொண்டவள் செங்கமலம். விழாவுக்கு முன் அங்கே நடந்த மருத்துவ முகாமில் அவளும், விழாக் குழுத் தலைவர் தணிகாசலமும், அடியார்களின் கன்னத்தில் அலகு குத்தும் வேலாயுதமும் இரத்தம் கொடுத்தார்கள். கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைத் தேடும் சோதனை அது.

செவிலி விளக்கினாள்: "மூணு கேள்விக்கு ரத்தம் விடை சொல்லும். முதலாவது, கிருமியின் மேலுறை ரத்தத்தில் இருக்கா? இருந்தால், பகைவன் இன்னும் உள்ளே நிற்கிறான். ரெண்டாவது, அந்த மேலுறையை எதிர்க்கும் காவல் இருக்கா? இருந்தால் உடம்புக்குப் பாதுகாப்பு. மூணாவது, கிருமியின் உட்கருவை எதிர்க்கும் காவல் இருக்கா? கிருமி மெய்யாவே நுழைந்த உடம்பில்தான் அது உண்டாகும். தடுப்பூசியில் மேலுறை மட்டும்தான், உட்கரு கிடையாது."

செவி கொடுத்தவள் செங்கமலம் ஒருத்தியே. மற்ற இருவருக்கும் பந்தல் வேலை பெரிதாயிருந்தது.

உத்திரத்தன்று முடிவுகள் வந்தன. ஒட்டி அனுப்பிய உறைகளை உரியவரிடம் கொடுக்காமல், தணிகாசலம் தாமே கிழித்துப் பந்தி நடுவே உரக்கப் படித்தார். செங்கமலத்துக்கு இல்லை, உண்டு, உண்டு. வேலாயுதத்துக்கு உண்டு, இல்லை, உண்டு. தணிகாசலத்துக்கோ இல்லை, உண்டு, இல்லை.

படித்த கையோடு செங்கமலத்தின் அகப்பையைப் பிடுங்கினார். "ரெண்டு உண்டு வந்திருக்கு! ஊருக்கே நோயைப் பரிமாறப் பாத்தியா?"

"வேலாயுதத்துக்கும் ரெண்டு உண்டுதானே, ஐயா?"

"அது முருகனைத் தொட்ட கை. அதுல நோய் அண்டுமா? எனக்கும்தான் ஒண்ணு இருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பந்தி சிரித்தது. பாதி உண்ட இலையை மூடியவர்களும் உண்டு. அவள் கூடத்தை விட்டுக் கருவறை வாசலுக்கு வந்தாள்.

அக்கோயிலில் ஒரு வழக்கம். அலகு குத்துபவன் முதலில் தன் கன்னத்தில் குத்தி உருவி, திருநீற்றால் துடைத்து, அதே அலகை அடுத்தவர்க்குக் குத்துவான். அன்றும் வேலாயுதம் தன் கன்னத்தில் குத்தி உருவிவிட்டான். அடுத்து நின்றவன் செங்கமலத்தின் ஒரே மகன் கடம்பன். அவன் கண்மூடி, "அரோகரா" என்று கன்னத்தைக் காட்டினான்.

அவள் பாய்ந்து வேலாயுதத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடு அக்கா. சாமி குத்தம்!"

"சாமி பேரைச் சொல்லி உன் ரத்தத்தை என் பிள்ளைக்குள்ள ஏத்தாதே!"

மேளம் நின்றது. "இவளைப் படியிறக்குங்கடா!" என்று தணிகாசலம் கத்தினார்.

சொல்லுங்கள்: மூவரில் பகைவன் எவர் உடம்பில் நிற்கிறான்? அகப்பையைப் பறித்தவர் செய்தது சரியா, அலகைத் தடுத்தவள் செய்தது சரியா?

விடை: பகைவன் நிற்பது வேலாயுதத்தின் உடம்பில். செங்கமலத்தின் உடம்பு, என்றோ வந்த கிருமியை வென்று காவலும் பெற்றுவிட்டது. தணிகாசலத்துக்கு இருப்பது தடுப்பூசி தந்த காவல். இந்நோய் இரத்தத்தால் பரவும். சோற்றாலும் அகப்பையாலும் பரவாது. ஆகவே அலகைத் தடுத்தவளே சரி. வேலாயுதமும் பாவியல்லன், அவனை அனுப்பவேண்டிய இடம் மருத்துவரிடம். ஆளுக்கொரு புது அலகு கேட்டால் குமரன் கோபிக்கமாட்டான். சோறிட்டவளைப் படியிறக்கிவிட்டுப் பிணியைக் கருவறை வாசலில் நிறுத்திய மூடத்தனத்துக்குப் பக்தி என்று பெயர் சூட்டினால், அதற்குத்தான் கோபிப்பான்.