பதினெட்டு அடுப்புக்கு ஒரு புகை

"பதினெட்டு அடுப்பு எரியுதுங்கற. மேலே ஒரு புகைதானே தெரியுது?"

"சுவருக்குள்ள மண்குழாய் வச்சு எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துட்டாங்க ஐயா. மிச்சம் மீதி எங்க கண்ணுலதான் போகுது."

"ராசாகிட்டச் சொன்னா கட்டடத்தையே இடிச்சுப்புடுவாரே, அம்மா."

"அதான் சொல்லாதீங்கன்னு கெஞ்சறேன். எங்க குடிசையைப் பிரிச்சுட்டுத்தான் இதைக் கட்டினாங்க. வேற எங்க போவோம்? எம் பொண்ணு நிறைமாசமா இருக்கா. கட்டின அமைச்சரை இன்னொரு கிணறு வெட்டித் தரச் சொல்லுங்க, போதும்."

"பார்க்கறேன்" என்றான் இடும்பன்.

பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், ஆண்டு மறந்துபோன ஒரு காலத்தில், இந்த இடும்பன் அரசவை விகடனாக இருந்தான். அவனிடம் பேசியவள் சடைச்சி, அந்தப் பதினெட்டு அடுப்புக் கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருப்பவள்.

அந்த நாட்டில் அரண்மனை வாயிலைவிட உயரமாக யாரும் வீடு கட்டக்கூடாது. ஒருநாள் அரசர் மேகத்தைத் தொடும் மாளிகைகள் கொண்ட நகரத்தைக் கனவில் கண்டார். விடிந்ததும் உயரத் தடையை நீக்கிவிட்டார். "மேகத்தைத் தொடலாம் அரசே, தெருவுக்கு ஒரு கிணறுதானே இருக்கிறது?" என்று இடும்பன்தான் கேட்டான். அதனால் ஓர் இடைக்கால ஆணை பிறந்தது: ஆற்றிலிருந்து புது வாய்க்கால் வரும்வரை, ஒரு மனையில் மூன்று புகைக்கு மேல், அதாவது மூன்று குடும்பத்து அடுப்புக்கு மேல், எழக்கூடாது. ஒரு புகைக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர்.

அமைச்சர் நல்லுடையார் ஆறு மாடி எழுப்பிப் பதினெட்டுக் குடும்பங்களைக் குடிவைத்தார். புகையை ஒன்றாக்கினார். கிணற்றடியில் குடத்தை எண்ண ஆளில்லை; கயிறு நாளுக்கு நாள் நீண்டது.

சடைச்சி வந்து பேசிய மறுநாள், சபையில் நல்லுடையாரே எழுந்தார்.

"அரசே, நான் ஆணையை மீறியதாக இந்த விகடர் ஊரெங்கும் பேசுகிறார். மாடத்தில் நின்று எண்ணட்டும். நான்காவது புகையைக் காட்டினால் என் கட்டடத்தை நானே இடிக்கிறேன். காட்டாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

"சரியான பந்தயம்!" என்றார் அரசர்.

இடும்பன் மாடத்தில் நின்று பார்த்தான். குழாயைப் பற்றிச் சொன்னால் சடைச்சி தெருவுக்கு வருவாள். சொல்லாவிட்டால் அவனே போக வேண்டும். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அமைச்சர் ஆணையை மீறினார் என்று யார் சொன்னது? மூன்று புகைக்கு அனுமதி இருந்தும் ஒன்றோடு நிறுத்திக்கொண்ட உத்தமர் அல்லவா! ஒரு புகை என்றால் ஒரு குடும்பம். ஆணைப்படி அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர் போதும், அரசே."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார். கிணற்றடிக்குக் காவல் அனுப்பினார். பன்னிரண்டு குடத்தில் பதினெட்டுக் குடும்பம் வாழ முடியாதே; நல்லுடையார் இப்போது எழுந்து இன்னொரு கிணறு வெட்டித் தருவதாகச் சொல்வார் என்று இடும்பன் காத்திருந்தான்.

நல்லுடையாரின் முகம் ஒரு கணம்தான் சுருங்கியது. அவர் குடியிருப்பது ஆற்றங்கரையில், தனிக் கிணறுள்ள வீட்டில்.

"ஆணைப்படியே" என்று வணங்கினார்.

நான்காம் நாள் சடைச்சி இடும்பன் வாசலில் வந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது.

"ராசா ரொம்பச் சிரிச்சாராமே."

இடும்பன் கழுத்திலிருந்த முத்துமாலையை மேல்துண்டுக்குள் தள்ளினான்.

"பன்னெண்டு குடத்துக்குப் பதினெட்டுக் குடும்பம் அடிச்சுக்குது. எம் பொண்ணுக்கு வலி கண்டுருச்சு. மருத்துவச்சி வெந்நீர் கேக்கறா, எங்க வீட்டுல ஒரு செம்பு தண்ணி இல்ல. காவக்காரன் குடத்தைப் பிடுங்கிக்கிட்டான்."

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"வீடு போனாப் போகட்டும், ஐயா. ராசாகிட்டப் போயி, அங்க எரியறது பதினெட்டு அடுப்பு, அது எனக்கு முன்னயே தெரியும்னு சொல்லுங்க. இப்பவே கிளம்புங்க."