பிளாஸ்டர் இதயத்தின் உபயம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் பள்ளித் தாளாளர் சென்னியப்பன். அறிவியல் வகுப்புக்கு நான் இனாமாகச் செய்து கொடுத்த பிளாஸ்டர் இதயத்தில், “உபயம்: சென்னியப்பன்” என்று எழுதிக்கொண்டார்.

“குடுத்தவன் நானுங்க. என் பேரு வேண்டாமுங்களா?” என்று கேட்டேன்.

“இதைத் துடிக்க வையி, உன் பேரை எழுதறேன்” என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தார்.

“ரெண்டு கையிலும் இறுக்கிப் பிடிச்சு, கண்ணை மூடுங்க.”

மூடினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. குளத்து நீருக்கு அடியில் கிடப்பதுபோல வகுப்பே அசையாமல் இருந்தது. வெள்ளை இதயம் மட்டும் அவர் கையில் மங்கலாக ஒளிர்ந்தது.

“அட, துடிக்குதய்யா!” என்றார், கனவில் பேசுகிறவர்போல.

“அது உங்க நாடித் துடிப்புங்க. ஐயாவுக்கும் இதயம் இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது!”

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. துடிக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். என் பெயரைத்தான் இன்னும் எழுதவில்லை.