கடைசிப் பந்திச் சாமியார்

இந்தக் காலத்து ஆட்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எங்கேயோ ஒரு மடத்தில் சாமியாரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும். ஏன் இறக்கினார்கள் என்று ஒருவனும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அந்தப் பக்கம் போய் நின்று தானும் கத்துகிறான். அந்த மடத்து வாசற்படியை அவன் மிதித்தே இருக்கமாட்டான். அந்தக் காலத்து ஆட்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை.

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு சீமையை ஒரு தலைவலிக்கார ராசா ஆண்டுவந்தார். மலைக்கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு சோற்று மடம் இருந்தது. வருகிற சனத்துக்கெல்லாம் அங்கே மத்தியானச் சாப்பாடு. மடத்துத் தலைவராக வருகிறவர் சோற்று அண்டாமேல் கையை வைத்து ஒரு சத்தியம் செய்யவேண்டும்: வந்தவர் அத்தனை பேரும் வயிறு நிறைந்து எழுந்தபிறகுதான் தமக்கு இலை. இதைக் கண்காணிக்க ஐந்து பேர் கொண்ட சபை ஒன்று உண்டு.

அமுதகிரிச் சாமி தலைவராக வந்தபோது அவரும் சத்தியம் செய்தார். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். அப்புறம் முதல் பந்திக்கு முன்னாலேயே உள்ளறையில் அவருக்கு நெய்யும் பாயசமுமாக இலை விழ ஆரம்பித்தது. கடைசிப் பந்திக்கு வடிகஞ்சிதான். சபை சொல்லிப் பார்த்தது. சாமி கேட்கவில்லை. ஒருநாள் ஐந்து பேரும் அவர் கைத்தடியை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டிவிட்டார்கள்.

சாமி நேரே அரண்மனைக்குப் போனார். பிரதானி தில்லைநாயகம் அவருக்கு மைத்துனர். ராசாவின் தலைவலியோ சாமி பூசிய விபூதியில் ஒருமுறை நின்றிருந்தது. கேட்கவேண்டுமா?

"என் தலைவலி தீர்த்த மகானை நீக்க இவர்கள் யார்? தக்க காரணம் காட்டாவிட்டால் மடத்தைப் பூட்டி, ஐவரையும் நாடு கடத்துங்கள்!" என்றார் ராசா.

பிரதானி கைகட்டி நின்றார். "உத்தரவு, அரசே. ஆனால் மகானைப் பற்றி அவையில் இழிசொல் ஒன்று விழுந்தாலும் பாவம். ஆகவே அவருக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசாமல் காரணத்தைக் காட்டட்டும். சபையின் பக்கம் வாதாட நம் விகடர் மாடக்கண்ணு இருக்கிறாரே! தோற்றால் அவரும் ஐவரோடு போகட்டும்."

மாடக்கண்ணுமேல் பிரதானிக்கு வெகுநாள் பொறாமை. ராசா அந்தக் கிழவன் பேச்சுக்குத்தான் சிரிப்பார். பிரதானி பேச்சுக்குக் கொட்டாவி விடுவார்.

மாடக்கண்ணு எவரையும் நம்புகிற ஆளில்லை. பால் என்று கொடுத்தாலும் விரலை விட்டுப் பார்த்துத்தான் குடிப்பான். மடத்துக்குப் போய், சபையின் மூத்தவர் தொண்டப்பரைப் பிடித்தான்.

"ஏன்யா, நீங்க அஞ்சு பேரும் யோக்கியருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களை நம்பவேண்டாம், அண்ணாச்சி. மடத்தைப் பூட்டிட்டா இந்தச் சனம் வெயில்ல எங்க போய்ச் சாப்பிடும்? அதை மட்டும் பாருங்க."

"அதுவும் நீர் சொல்றதுதானே. நான் கண்ணால பாக்கணும்."

மறுநாள் அவையில் மாடக்கண்ணு சாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மகாராசா, இந்த மகானைப் புகழ எனக்கு ஒரு வாய் போதாது. இவர் இல்லாமல் மடம் ஒருநாளும் இருக்கலாகாது. நாளைக்கே ஆசனத்தில் அமர்த்துங்கள். தாங்களும் வந்து கடைசிப் பந்தியில் அவர் அருகே அமருங்கள். அவராக அந்த ஆசனத்தைவிட்டு எழுந்து போனாலன்றி, வேறு எவரும் அவரை நீக்கக்கூடாதென்று உத்தரவு போடுங்கள். சாமி, பழைய சத்தியப்படி நடப்பீர்கள் அல்லவா?"

"இம்மியும் பிசகாமல்," என்றார் சாமி.

தொண்டப்பர் முகம் செத்துப்போயிற்று. ராசா உத்தரவு போட்டார். பிரதானிக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் புகழ்ச்சியை எப்படித் தடுப்பது?

மறுநாள் மத்தியானம் சனமெல்லாம் சாப்பிட்டுக் கைகழுவிப் போனது. சாமி ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராசா. அவர்களுக்கு இலை போட ஆள் வந்தான்.

"பொறு அப்பா," என்றது ஒரு குரல். முதல் பந்தியில் உட்கார்ந்த மாடக்கண்ணு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பருக்கையாக எடுத்து, அதனிடம் குசலம் விசாரிக்கிறவன்போல் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வயிறு நிறைந்ததா?" என்று கேட்டார் ராசா.

"இன்னும் இல்லை, மகாராசா. பல் போன வாய். மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. கொஞ்சம் ரசம் விடுங்கப்பா."

வெயில் சாய்ந்தது. ராசாவின் வயிறு உறுமியது. கூட வந்திருந்த பிரதானி, "மேற்கே இடி இடிக்கிறது, அரசே," என்றார். உள்ளேயிருந்து பாயசம் மணத்தது. சாமியின் மூக்கு அந்தப் பக்கமே திரும்பி நின்றது.

"எழுந்திரும் ஓய்!" என்றார் சாமி.

"எழுந்திருப்பேன், சாமி. இந்த வாழைப்பூக் கூட்டு மட்டும் இன்னொரு கரண்டி. அதற்கப்புறம் மோர்."

சாமி துள்ளி எழுந்தார். "கண்ட கழுதையும் தின்று முடிக்கிறவரை நான் பட்டினி கிடக்க வேண்டுமா? இத்தனை நாள் நான்தான் முதலில் சாப்பிட்டேன். கடைசிப் பந்திக்காரன் கஞ்சி குடித்தான். எவன் செத்துப்போனான்?"

சொன்னவர் ஆசனத்தைவிட்டு இறங்கி நேரே மடைப்பள்ளிக்குள் போனார். பாயச அண்டா உருளும் சத்தம் கேட்டது.

மாடக்கண்ணு இலையை மூடினான். "வயிறு நிறைந்தது, மகாராசா. அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சபையின் காரணத்தைச் சாமியே சொல்லிவிட்டார். ஆசனத்தைவிட்டும் அவராகவே இறங்கிப் போய்விட்டார்."

ராசாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தாடியெல்லாம் பாயசமாகச் சாமி வெளியே வந்ததைக் கண்டார். சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. சபை செய்தது சரியே என்று தீர்ப்புச் சொன்னார். பிரதானியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி மாடக்கண்ணுவுக்குப் போட்டார்.

"விகடரே, இந்த மடத்துக்கு இனி நீரே தலைவராக இரும்!"

"வேண்டாம், மகாராசா. எனக்கும் பசிக்கும்."

வாசலில் தொண்டப்பர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, மடத்தைக் காப்பாத்திட்டீங்க. இனிமே எவன் தலைவனா வந்தாலும் கடைசிப் பந்திதான். நாங்க பார்த்துக்கிறோம்."

"அது சரி. நீங்க அஞ்சு பேரும் எந்தப் பந்தியில உக்காருவீங்க?"

தொண்டப்பர் தலையைச் சொறிந்தார். "நாங்க... நடுப்பந்தி, அண்ணாச்சி."

"நெய் உண்டா?"

தொண்டப்பர் வானத்தைப் பார்த்தார். மாடக்கண்ணு, "ம்," என்றான். சங்கிலியைப் பல்லால் ஒருமுறை கடித்துப் பார்த்துக்கொண்டே பாதையில் இறங்கி நடந்தான்.