நாலு மணிக்கு யாரும் வரவில்லை

கோயம்புத்தூர் கணபதியில், பம்ப் உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றில் ஞானமுத்து தலைமைக் கணக்கர். வயது ஐம்பத்தாறு. கம்பெனியின் கணக்கு ஃபைல் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அவர் ஒருவர் மட்டுமே திறக்க முடியும், அப்படிப் பூட்டி வைத்திருந்தார். பில் போடும் கஸ்தூரி, ஸ்டோர் பார்க்கும் மயில்சாமி, கொள்முதல் பார்க்கும் இருதயராஜ் மூவரும் ஆளுக்கொரு நகலில் வேலை செய்துவிட்டு, மாலை நாலு மணிக்குப் பென் டிரைவோடு அவர் மேஜை முன் வரிசையில் நிற்பார்கள். எல்லாவற்றையும் அவர் மறுபடி தன் கையாலேயே தட்டி ஏற்றுவார். ஊரில் வேறு எவரும் செய்யாத வேண்டாத வேலை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை!

அந்த ஃபைலை விட்டு அவரால் ஒரு நாள்கூட நகர முடியவில்லை. ஓசூரில் மகளுக்குப் பையன் பிறந்து இருபத்தாறு நாள். தாத்தா பேரனைப் போனில்தான் பார்த்திருக்கிறார். "எப்பப்பா வருவீங்க?" என்று மகள் தினமும் கேட்கிறாள். "ஃபைலை யார்கிட்ட விட்டுட்டு வர்றது சாமி?" என்பார்.

நெட்வொர்க் வேலைக்கு வரும் பர்வீனுக்கு முப்பத்தொரு வயது. செத்துப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒருமுறை அவள் கணக்கை மீட்டுக் கொடுத்தாள். "இனி நீதான் என் குரு, அம்மிணி" என்று ஞானமுத்து அன்றே தனக்குத் தானே சிஷ்யப் பட்டம் கட்டிக்கொண்டார்.

இப்போது அவள் நாலு கம்ப்யூட்டரையும் வயரால் இணைத்து முடித்திருந்தாள்.

"ஃபைலை எல்லாருக்கும் திறந்து விடுங்கண்ணா."

"நாலு பேர் கை வெச்சா அது என்னத்துக்காகும்?"

"இன்னிக்கு ஒரு நாள் பாருங்களேன்."

குரு சொல்லைத் தட்ட முடியாமல் திறந்து விட்டார். அவள் அவரைக் கூட்டிப் போய் மயில்சாமியின் நாற்காலியில் உட்கார வைத்து, ஞானமுத்து என்ற பெயரிலேயே ஃபைலைத் திறந்து கொடுத்தாள்.

"கஸ்தூரி இப்பப் போடற பில்லைத் திருத்துங்க பார்க்கலாம்."

அழுத்தினார். இந்தப் பில் கஸ்தூரியிடம் இருக்கிறது, பொறுங்கள் என்றது திரை. மறுபடி அழுத்தினார். அதே பதில்தான்.

"அட, என்னையே உள்ள விடமாட்டேங்குது!"

"அவங்க முடிச்சதும் விடும்."

விட்டது. ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தார். கீழே அவர் பெயரும் நேரமும் விழுந்தன.

"யார் கை வெச்சாங்கன்னு எழுதி வெச்சுக்குதா?"

"ஆமாங்கண்ணா. உங்க கையையும்தான்."

ஞானமுத்து அவசரமாக எண்ணைப் பழையபடி மாற்றிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தார். மதியம் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு இருதயராஜின் பதிவில் ஒரு தப்பு கிடைத்தது. மாட்டினான் பையன் என்று சந்தோஷமாக எழுந்தார். அவர் நாற்காலியைத் தள்ளுவதற்குள் அந்தத் தப்பு திருத்தப்பட்டிருந்தது.

நாலு மணி ஆனது. மேஜையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. கஸ்தூரியின் மேஜையருகே மூவரும் முறுக்கு தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அவர்கள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

பர்வீன் மிச்ச வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது அம்மிணி." காலியாக இருந்த தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் எதுக்கு?"

அவள் வயரைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"அதுக்கு என்னைவிடப் பெரிய குரு ஒருத்தர் ஓசூர்ல இருக்கார்ங்கண்ணா. தொட்டில்ல படுத்திருப்பார். அவரைக் கையில வாங்கிட்டுக் கேளுங்க."