கீரிகளுக்கு வந்த பெயர்

கோரைக் குளத்தின் கரையில் கௌதாரிகளும் ஆள்காட்டிக் குருவிகளும் கீரிகளும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

கௌதாரியும் ஆள்காட்டியும் வெறுந்தரையில் முட்டையிடும் பறவைகள். தரையில் கிடக்கும் முட்டைக்குப் பாம்புதான் எமன். அந்தப் பாம்புக்கு எமன் கீரி. அதனால் பறவைகளின் கூடுகளுக்குக் கீரிகளே காவல். பொரியாத கூமுட்டைகளெல்லாம் காவலுக்குக் கூலி.

எப்போதாவது ஒரு கீரி நாக்கு ஊறி நல்ல முட்டையில் வாய் வைத்துவிடும். அப்போது மூத்த கீரியான பேச்சி அதைக் காதைக் கடித்து இழுத்து வருவாள். முட்டையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நிறுத்துவாள்.

"இந்தப் பருவம் முடியுற வரைக்கும் நீ இவ கூட்டை விட்டு நகரக் கூடாது!" என்பாள். அதோடு வழக்கு தீர்ந்துவிடும்.

செம்பி என்ற கௌதாரி ஆவாரம் புதரடியில் கூடு வைத்திருந்தாள். பேச்சியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு கோடையில் மலைக் கணவாய் வழியாக வெள்ளைக் குதிரைகள் வந்தன.

"மழை பெய்யும் வரை மேய்ந்துவிட்டுப் போகிறோம்" என்றது தலைமைக் குதிரை.

மழை பெய்தது. புல் செழித்தது. செழித்த புல்லை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? குதிரைகள் தங்கிவிட்டன. தலைமைக் குதிரையின் உயரத்தையும் மினுமினுப்பையும் பார்த்துக் குளத்தங்கரையே அதைத் 'துரை' என்று அழைத்தது.

"இனி இந்தக் கரைக்குக் காவல் நாங்கள்!" என்றது துரை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஒருநாள் காலையில் செம்பி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். கூட்டில் ஒரு முட்டையைக் காணோம்!

"கீரி வால் மாதிரி ஒண்ணு புதருக்குள்ள போச்சு!" என்று ஆள்காட்டி கத்தியது.

"எந்தக் கீரி?"

"வாலைத்தானே பார்த்தேன்!"

செம்பி நேராகப் பேச்சியிடம் போயிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. பேச்சியிடம் போனால் ஒரு கீரிக்குத்தான் தண்டனை. துரையிடம் போனால் எல்லாக் கீரிகளும் நடுங்குமே! அவள் துரையிடம் போனாள்.

"திருடியது எந்தக் கீரி?" என்று கேட்டது துரை.

"தெரியலைங்க, துரை."

"தெரிய வேண்டியதில்லை! கீரிகள் பிறவித் திருடர்கள். இன்று பிறந்த குட்டியும் திருடன்தான். இன்னும் திருடவில்லை, அவ்வளவே!"

செம்பிக்குத் திக்கென்றது. ஒரு முட்டைக்குத்தான் அவள் நியாயம் கேட்டு வந்தாள். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

அன்றே உத்தரவு பிறந்தது. குளத்துக்கு மேற்கே ஒரு பெரிய பாறைப் பிளவு இருந்தது. பொழுது சாயும்போது கீரிகள் எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். பால்குடிக் குட்டிக்கும் விலக்கு இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே வரலாம். வராத கீரியின் வளையைக் குளம்புகள் மிதித்து மூடிவிடும். பிளவின் வாசலில் நின்று கீரிகளைக் கண்காணித்துக் கத்தும் வேலை ஆள்காட்டிக்குக் கிடைத்தது.

அன்று மாலை பாறைக்குப் போகும் வழியில் பேச்சி செம்பியிடம் வந்தாள்.

"செம்பி, துரைகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நாங்க எப்படிப்பட்டவங்கன்னு உனக்குத் தெரியாதா?"

செம்பி மண்ணைக் கிளறினாள்.

"துரை பெரியவங்க, அக்கா. ஏதோ தெரிஞ்சுதான் சொல்லியிருப்பாங்க."

பேச்சி குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

கீரிகள் அடைபட்டது பாம்புகளுக்குத் தெரிய எத்தனை நாளாகும்? அந்த வாரமே, அந்தி மயங்கும் வேளையில், ஒரு சாரைப்பாம்பு ஆவாரம் புதருக்குள் நுழைந்தது. செம்பி இறக்கையை அடித்துக்கொண்டு குதிரையிடம் ஓடினாள்.

"துரை! பாம்பு! என் முட்டைங்க!"

துரை புல்லைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"பாம்பு முட்டை தின்பது உங்கள் ஊர் வழக்கம். உங்கள் வழக்கங்களில் நாங்கள் தலையிடுவதில்லை."

"காவல் நாங்கன்னு சொன்னீங்களே!"

"ஆமாம். புல்லுக்கு!"

செம்பி பாறைப் பக்கம் திரும்பி, "அக்கா! அக்கா!" என்று அலறினாள். உள்ளே பேச்சிக்குக் கேட்டது. வாசலில் ஆள்காட்டி நின்றது. காலை வெளியே வைத்தால் வளை போய்விடும். குட்டிகளின் மேல் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டில் ஓடுதான் மிஞ்சியது.

இதற்குப் பிறகாவது செம்பி துரையை நொந்துகொண்டாளா? இல்லை. துரையை நொந்தால் தன்னையும் நொந்துகொள்ள வேண்டி வரும். "அந்தக் கீரி மட்டும் திருடாம இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?" என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே உண்மையாகிவிட்டது. அடுத்த பருவத்தில் பாம்புக்குத் தப்பிப் பொரிந்த குஞ்சுகள், "கீரிங்களை ஏம்மா அடைக்கிறாங்க?" என்று கேட்டன.

"அதுங்க திருட்டுப் பரம்பரை. கிட்டப் போகாதீங்க!" என்றாள் செம்பி.

வருடங்கள் போயின. குளத்தங்கரைப் புல் வேரோடு தீர்ந்தது. ஒரு காலையில் குதிரைகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கணவாய் ஏறிப் போய்விட்டன. துரை போன செய்தி கேட்டுப் பறவைகள் நாள் முழுக்கக் கூத்தாடின. ஆள்காட்டியும் சேர்ந்து ஆடியது.

பொழுது சாய்ந்தது. யாரும் கத்தவில்லை. யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் கீரிக் குட்டிகள் வளைகளிலிருந்து வந்து, வரிசையாகப் பாறையை நோக்கி நடந்தன. பின்னால் கிழடாகிப்போன பேச்சி நடந்தாள்.

"நல்லது. தாங்களே போயிடுதுங்க!" என்றாள் செம்பியின் மகள்.

செம்பிக்குச் சுருக்கென்றது. மகள் பேசியது தன் பேச்சையல்லவா! அவள் தத்திக்கொண்டே ஓடி, குட்டிகளை மறித்தாள்.

"எங்கே போறீங்க? துரைதான் போயாச்சே!"

"இருட்டுறதுக்குள்ள உள்ளே போகணும். நாங்க திருடங்கதானே?" என்றது ஒரு குட்டி. அழவில்லை, கோபப்படவில்லை. தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னது.

"யார் சொன்னா அப்படி?"

"உங்க பொண்ணு."

செம்பி பேச்சியைப் பார்த்தாள். பேச்சி மெதுவாகச் சொன்னாள்: "துரை ஒரு தடவைதான் சொன்னாரு, செம்பி. நீங்கதான் தினமும் சொன்னீங்க."

அந்தப் பருவத்தில் செம்பி ஆவாரம் புதரடிக்குப் போகவில்லை. பேச்சியின் வளை வாசலில் போய்க் குழி பறித்து முட்டையிட்டாள்.

"அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா!" என்று மகள் கத்தினாள். மற்றக் கௌதாரிகள் சிரித்தன. ஆள்காட்டி தூர நின்று பார்த்துவிட்டுப் பறந்துபோனது. செம்பி அசையவில்லை.

அந்த முட்டைகளுக்காகப் பேச்சி குட்டிகளைப் பாறைக்கு விடாமல் வளையிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு மாலை பாம்பு வந்தது. குட்டிகளுக்குச் சண்டை தெரியாது. பாம்பு வரும் வேளையெல்லாம் பாறைக்குள் கழித்தவை அவை. பயந்து வளைக்குள் ஒட்டிக்கொண்டன. பேச்சி ஒருத்திதான் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தாள். பாம்பு அவள் முன்காலில் கடித்தது. விஷமில்லாத சாரைதான். ஆனாலும் ரத்தம் கொட்டியது. அதைக் கண்டதும் பெரிய குட்டி ஒன்று தன்னை மறந்து பாய்ந்தது. பின்னாலேயே இன்னொன்றும் பாய்ந்தது. பாம்பு கோரைக்குள் ஓடி மறைந்தது. ஒரு முட்டை உடைந்தது. மற்றவை பிழைத்தன.

குஞ்சுகள் பொரிந்த நாளில் கீரிக் குட்டிகள் பத்தடி தள்ளியே நின்றன.

"கிட்ட வரலாமா?" என்று கேட்டது பெரிய குட்டி.

"இது உங்க வாசல். என்னைக் கேக்கணுமா?" என்றாள் செம்பி.

குட்டி வந்தது. ஈரம் காயாத ஒரு குஞ்சை மூக்கால் மெல்ல முகர்ந்தது. குஞ்சு பயப்படவில்லை. அதற்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்நியர் சுமத்திய பழியை நம்பி அண்டை அயலாரை ஒதுக்குபவர், அந்நியர் போன பின்னும் அவருக்கு அடிமையே.